சைக்கிள் பாதைக்கு முன்னால் விலக்கைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு சிறுநகரம், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிராமங்கள். பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். பெரியவர்கள் பஸ் பிடிக்கவும் ரேஷன் வாங்கவும் நடந்து வருகிறார்கள். நடுவே ஒரு மாநில நெடுஞ்சாலை, அதில் அடிக்கடி விபத்து. அந்தச் சாலையோரமாக இரண்டு கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போடத் தொகுதி நிதியில் பணம் ஒதுக்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அது போதுமா, வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிட முடியாதா என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கையில் இருக்கும் சிறிய தொகையை எந்த இடத்தில் முதலில் போட்டால் ஆட்கள் சாவது குறையும்? அதற்கே பதில் சொல்கிறேன். சாலைப் பணியிலும் அதற்குப் பின் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையிலும் பல வருடங்கள் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி சமவெளி மாவட்டங்களின் கிராமப்புறச் சாலைகளில் கழிந்தது. மலைப் பகுதிக்கும் பெருநகரத்துக்கும் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுருக்கமான பதில்: அந்த இரண்டு கிலோமீட்டர் பாதை கடைசியாக வரவேண்டியது. ஒரு வட்டாரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தேவையான வலையமைப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே தரையில் இருக்கிறது. ஊராட்சிச் சாலைகள், ஊராட்சி ஒன்றியச் சாலைகள், ஏரிக்கரைகள், வாய்க்கால் கரைகள் எல்லாம் அதைச் சேர்ந்தவைதான். அந்த வலை அறுந்துபோவது, கிராமச் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில். தெற்கே விலக்கு என்பார்கள், கொங்குப் பக்கம் பிரிவு, வட மாவட்டங்களில் கூட்டு ரோடு. பணமும் கவனமும் முதலில் போகவேண்டியது அந்தச் சில நூறு மீட்டருக்கு.

ஏன் என்பதற்கு நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள், 4,836 பேர் சைக்கிளில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழப்பு 17,884. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான், ஆனால் இறப்புகளில் 36 சதவீதம் அங்கே நடந்தது. மாநில நெடுஞ்சாலைகளில் இன்னொரு 24 சதவீதம். இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறத்தில். நகரத்தின் நெரிசலில் அடிபடுகிறவர்களைவிட, வெளியூர் வண்டி வேகமெடுத்துப் போகும் காலியான சாலையில் சாகிறவர்கள் அதிகம். சைக்கிள் பாதை என்றவுடன் எல்லோருக்கும் கடற்கரைச் சாலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த பட்டைதான் நினைவுக்கு வருகிறது. சாவு நடக்கும் இடமோ வேறு.

ஆகவே முதல் வேலை வரைபடம். இதற்குப் பெரிய ஆலோசனை நிறுவனம் வேண்டாம். மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்று இருக்கும். தலைமையாசிரியரிடம் ஊர்வாரியான எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், பெயர்கள் தேவையில்லை. அதை வட்டார வரைபடத்தில் கோடுகளாகப் போட்டு, எண்ணிக்கைக்கு ஏற்பக் கோட்டைத் தடிமனாக்குங்கள். அதன்மேல் ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, வாரச் சந்தை, பஸ் நிறுத்தம், நூறு நாள் வேலை நடக்கும் இடங்கள், சுடுகாடு ஆகியவற்றைக் குறியுங்கள். சுடுகாட்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நூறு பேர் ஒன்றாகச் சாலையில் நடப்பது பெரும்பாலும் சவ ஊர்வலத்தில்தான். நெடுஞ்சாலைக்கு அப்பால் சுடுகாடு இருக்கும் ஊர்களை எந்தத் திட்ட அறிக்கையும் கண்டுகொள்வதில்லை. வயல் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்ற ஊர்களுக்கும் இதே கதி. நாலு வழிச் சாலை வந்தபின் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கே கடப்பது என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை எடுக்கும்போது ஒரு பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். எங்கள் துறையில் வாகனக் கணக்கெடுப்பு சாலையின் நீளவாக்கில் போகும் வண்டிகளை எண்ணும். குறுக்கே கடப்பவர்களை எண்ணாது. உங்களுக்கு வேண்டியது அந்தக் குறுக்குக் கணக்குதான். காலை எட்டு முதல் ஒன்பதரை வரை, மாலை நான்கு முதல் ஆறு வரை, இருட்டிய பின் கடைசி பஸ் வரும் நேரம், மூன்றிலும் எண்ணுங்கள். சந்தை நாளுக்குத் தனியாக ஒருமுறை. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் போதும். ஆண், பெண், பிள்ளைகள் என்று பிரித்து எண்ணினால் இன்னொன்றும் தெரியும். எந்தக் கடப்பில் பெண்களும் பிள்ளைகளும் அறவே இல்லையோ, அங்கே பயம் இருக்கிறது என்று பொருள். ஆள் இல்லாத இடத்தைத் தேவை இல்லாத இடம் என்று எழுதிவிடக் கூடாது.

சைக்கிளை ஏதோ மேல்நாட்டு மோகம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், புதுக்கோட்டையை நினைவூட்டுங்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாக அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரித் தொழிலாளி முதல் அங்கன்வாடிப் பணியாளர் வரை அதில் இருந்தார்கள். பிறகு, 2001க்குப் பின், மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு, சில ஆண்டுகளில் எல்லோருக்கும். வண்டியைக் கொடுத்த அரசு, அது ஓடும் பாதையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பெரிதாக யோசிக்கவில்லை என்பது என் வருத்தம். எத்தனையோ வீடுகளில் அந்தச் சைக்கிள் திண்ணையிலேயே நிற்கிறது. பெண்ணை மெயின் ரோட்டில் விடப் பயம் என்று அம்மா சொல்லிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

இருக்கிற வலையைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளின் தார்ப்பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம். போக்குவரத்து மிகக் குறைந்த இடங்களில் 3 மீட்டர். எதிரே வேன் வந்தால் இருவரும் வேகத்தைக் குறைத்து ஓரம் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் குறுகலே சைக்கிளுக்குப் பாதுகாப்பு. நெதர்லாந்துக்காரர்கள் 1990களில் தங்கள் சாலைகளை மூன்றாக வகுத்தார்கள்: வேகமாகக் கடந்துபோவதற்கானவை, ஊர்களுக்குள் கொண்டுவிடுபவை, வீட்டு வாசலைத் தொடுபவை. கிராமப்புறத்தில் மூன்றாவது வகைக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, சைக்கிளையும் காரையும் ஒரே பரப்பில் விட்டார்கள். வேகம் அதிகமான சாலைகளில்தான் தனிப் பாதை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சாலையில் பலிகொடுத்த நாடு அது. அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள், தெருவில் இறங்கிப் போராடியவர்களில் பெற்றோர்கள் முன்னால் நின்றார்கள். இன்று நாம் பார்த்து வியக்கும் சைக்கிள் பாதைகள் அங்கே ஆதிகாலம் தொட்டு இருந்தவை என்று எண்ண வேண்டாம்.

நமக்கு அந்த வகுப்புமுறையை அப்படியே போட முடியாது. நம் மாநில நெடுஞ்சாலை பல ஊர்களில் கடைத்தெருவாகவும் இருக்கிறது, பஸ் நிலையமாகவும் இருக்கிறது, அறுவடைக் காலத்தில் நெற்களமாகவும் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளிருக்கும் தர்க்கம் நமக்கும் பொருந்தும்: வேகமும் ஆட்களும் ஒரே இடத்தில் கலக்கக் கூடாது, கலந்தே தீரவேண்டும் என்றால் வேகம்தான் இறங்கவேண்டும். ஆகவே உங்கள் வரைபடத்தில் தடித்த கோடுகளை முடிந்தவரை கிராமச் சாலைகளுக்கு மாற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலை வழியாக ஆறு கிலோமீட்டர் என்றால் உள்சாலை வழியாக ஏழு வரலாம். ஒரு கிலோமீட்டர் கூடினால் பிள்ளைகள் சகித்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று கூடினால் மறுபடி நெடுஞ்சாலைக்கே வந்துவிடுவார்கள். பல இடங்களில் இரண்டு கிராமச் சாலைகளுக்கு இடையே நானூறு ஐந்நூறு மீட்டர் மண் பாதையோ, கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு சிறுபாலமோ மட்டும் மிச்சம் நிற்கும். அதை இணைத்தால் மூன்று ஊர்ப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தொடாமலே பள்ளிக்குப் போய்விடலாம். ஒரு இடத்தில் உடைப்பெடுத்த வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோகாது. இந்த வலையும் அப்படித்தான். எல்லாப் பகுதியும் நன்றாக இருந்து ஒரு சிறுபாலம் மட்டும் மோசமென்றால், வீட்டில் பிள்ளையை அனுப்புவதா என்ற முடிவை அந்தச் சிறுபாலம்தான் எடுக்கும்.

இனி விலக்குக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மணிக்கு 70 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் 19 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 29 மீட்டர் போயிருக்கும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 30 மீட்டர் வேண்டும். மொத்தம் 60 மீட்டர். அதே கார் 40இல் வந்தால் 27 மீட்டரில் நின்றுவிடும். பாரம் ஏற்றிய லாரிக்கும் மழை நாளுக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அடுத்து, கடப்பவர் பக்கத்துக் கணக்கு. ஏழு மீட்டர் அகலச் சாலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஒரு மாணவிக்கு ஏழெட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடியில் 70இல் வரும் வண்டி 155 மீட்டர் வந்துவிடும். அதாவது இரு பக்கமும் 155 மீட்டருக்கு வண்டியே இல்லாத ஓர் இடைவெளி அவளுக்கு வேண்டும், அது இடைவெளிதான் என்று முடிவு செய்ய அவ்வளவு தூரம் கண்ணுக்கும் தெரியவேண்டும். வளைவில் சீமைக் கருவேலம் வளர்ந்து நிற்கும் விலக்கில் 60 மீட்டர் கூடத் தெரியாது.

இதே இடத்தில் வேகத்தை 40க்கு இறக்கி, சாலை நடுவில் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு கட்டினால் என்ன ஆகிறது? அவள் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, மூன்றரை மீட்டரை மட்டும் நான்கு நொடியில் கடக்கிறாள். தேவையான இடைவெளி 45 மீட்டராகச் சுருங்குகிறது. சிக்னல் இல்லை, மேம்பாலம் இல்லை, கடப்பதன் கடினம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு மீட்டர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். குறுகிய திட்டில் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தத் திட்டுக்காக அந்த இடத்தில் சாலையைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும்; பெரும்பாலும் சாலைக்கான நிலம் இருக்கும், ஆக்கிரமிப்பும் இருக்கும். திட்டில் விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாமல் கட்டக் கூடாது. இருட்டில் தெரியாத திட்டு, இரு சக்கர வாகனக்காரரின் உயிரை வாங்கும்.

வேகத்தை எப்படி இறக்குவது? வேகத்தடை என்றுதான் எல்லோரும் மனு எழுதுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் அதற்குப் பொதுவாக அனுமதி கிடையாது. மாநிலச் சாலையில் 80இல் வரும் பைக்குக்கு முன்னால் பெயிண்ட் அழிந்துபோன ஒரு மேடு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சாலை ஊருக்குள் நுழைகிறது என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே உணர்த்த வேண்டும்: ஓரக்கற்கள் தொடங்குவது, தார்ப்பரப்பு கண்ணுக்குக் குறுகுவது, விளக்குகள், நடுவில் திட்டு, அதற்குப் பின்னரே உயர்த்திய கடவை, அதாவது ஆட்கள் கடக்கும் இடத்தில் சாலையையே சற்று மேடாக்குவது. விலக்கில் திரும்பும் மூலையின் வளைவை இறுக்கமாக வைக்க வேண்டும். நம் ஆட்கள் பஸ் திரும்ப வசதியாக என்று மூலையை விசாலமாகச் செதுக்கிவிடுகிறார்கள். கார்கள் வேகத்தைக் குறைக்காமலேயே கிராமச் சாலைக்குள் பாய்கின்றன. வேகத்தடை போட வேண்டிய சரியான இடம், கிராமச் சாலை நெடுஞ்சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கிராமச் சாலையில்தான். அதற்கும், சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மென்மையான வளைவு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு. ராத்திரியோடு ராத்திரியாக ஊரில் போடும் ஒரு முழ அகலச் சிமெண்ட் மேடு, சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முதுகெலும்பை மட்டுமே சோதிக்கிறது.

பஸ் நிறுத்தத்தையும் விலக்கோடு சேர்த்தே பாருங்கள். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்கும்போது அடிபடுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒன்று. கடவையைத் தாண்டி பஸ் நிற்கும்படி நிறுத்தத்தை இருபது முப்பது மீட்டர் நகர்த்தினால், இறங்கியவர் பஸ்ஸின் பின்பக்கமாக நடந்து, வரும் வண்டிகளைப் பார்த்துக் கடப்பார். செலவு அநேகமாக நிழற்குடையை இடம் மாற்றும் செலவுதான். டீக்கடைக்காரரின் எதிர்ப்பை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

நாலு வழிச் சாலை உங்கள் வட்டாரத்தில் இருந்தால் நிலைமை வேறு. மையத் தடுப்பில் அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், சைக்கிள்காரர் நாலு கிலோமீட்டர் சுற்றமாட்டார். எதிர்த்திசையில் ஓரமாக வருவார், அல்லது தடுப்பில் எங்கே செடி செத்திருக்கிறதோ அங்கே சைக்கிளைத் தூக்கிக் கடப்பார். இதை ஒழுங்கீனம் என்று அதிகாரிகள் எழுதுவதைப் படித்துச் சலித்துவிட்டேன். அங்கே ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நடைமேம்பாலத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மீட்டர் ஏறி ஆறு மீட்டர் இறங்க, சைக்கிள்காரருக்கும் முடியாது, மூட்டுவலிக்காரருக்கும் முடியாது. சுரங்கப்பாதை என்றால் முதல் கேள்வி மழைநீர் எங்கே போகும் என்பதாக இருக்கட்டும். ரயில்வே கேட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டிய கீழ்ப்பாலங்களில் ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதை நாம் பார்க்கிறோம். ஆண்டில் இரண்டு மாதம் மூழ்கும் இணைப்பை வலையமைப்பில் கணக்கிட முடியாது.

இரண்டு விலக்குகளுக்கு இடையே நெடுஞ்சாலையோரம் போயே தீரவேண்டிய நீளங்கள் சில இருக்கும். அங்கே தனிப் பாதைக்கு முன்னால் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, மண் ஓரம் உயர்வதில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, சைக்கிள் அந்த ஒரு சாண் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் திரும்பி விழுகிறது. சில நேரம் உள்பக்கமாகவே விழுகிறது. தார் ஒப்பந்தத்திலேயே ஓரத்தைச் சமன்படுத்தும் வேலை இருக்கும். அது நடந்ததா என்று பார்ப்பவர் இல்லை. ஓட்டுநரை எழுப்புவதற்காகக் குறுக்கே போடும் அதிர்வுப் பட்டைகளைச் சாலையின் விளிம்புவரை இழுத்துவிட்டால், சைக்கிள்காரர் அதைத் தவிர்க்க மண்ணில் இறங்குவார். ஒரு மீட்டர் விட்டுப் போடச் சொல்லுங்கள். சீமைக் கருவேலத்தை ஆண்டுக்கு இருமுறை வெட்டச் சொல்லுங்கள். பார்வையை மறைப்பது ஒரு பக்கம், அதன் முள்ளால் பஞ்சரான சைக்கிளை இருட்டில் தள்ளிக்கொண்டு போவது இன்னொரு பக்கம்.

தனிப் பாதை போடுவது என்று முடிவானால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயிண்ட் கோடு மட்டும் போதாது. வேகமான சாலையில் கோடு எந்த வண்டியையும் தடுக்காது, நிறுத்துமிடமாகத்தான் மாறும். இடையில் மண் பட்டையோ தடுப்போ வேண்டும். இரண்டாவது, ஒரே பக்கத்தில் இருதிசைப் பாதை போட்டால் ஒவ்வொரு விலக்கிலும் ஆபத்து கூடும். திரும்பும் ஓட்டுநர் அந்தத் திசையிலிருந்து சைக்கிளை எதிர்பார்ப்பதில்லை. இது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான சங்கதி. பள்ளியும் ஊரும் ஒரே பக்கத்தில் இருந்து, நடுவில் விலக்குகள் இல்லையென்றால் மட்டும் அதை ஏற்கலாம். மூன்றாவது, பாதை முடியும் இடம். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு கிலோமீட்டர் எங்கே முடிகிறது? கடைத்தெரு தொடங்கும் இடத்தில் என்றால், மிக மோசமான இடத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது அது.

நடப்பவர்களைச் சைக்கிளின் வாலில் கட்டிவிட வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஊருக்குள் தொடர்ச்சியான நடைபாதையும், விலக்கிலிருந்து வீடுவரை இரவில் வெளிச்சமும். கழிவுநீர் வாய்க்காலைச் சரியாக மூடினாலே பல ஊர்களில் நடைபாதை கிடைத்துவிடும். மூடும் பலகைகளைத் தூர்வார எடுத்துத் திரும்ப வைக்காமல் போவதுதான் வழக்கம் என்பதால், ஒருவர் தூக்கக்கூடிய எடையில் செய்யச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் யார் பொறுப்பு என்பதுதான் உண்மையான சிக்கல். ஒரே மாணவி பள்ளிக்குப் போகும் வழியில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நீர்வளத் துறையின் கரை, நெடுஞ்சாலைத் துறையின் சாலை, பேரூராட்சித் தெரு என ஐந்து உரிமையாளர்களைக் கடக்கிறாள். கோபன்ஹேகன் வட்டாரத்தில் இதே பிரச்சினை இருந்தது. நகராட்சி எல்லையில் பாதையின் தரம் மாறிவிடும். நகராட்சிகள் பலவும் வட்டார நிர்வாகமும் கூடி, ஒரே தரம், ஒரே அடையாளப் பலகை என்று ஒப்புக்கொண்ட பின்னரே 2012இல் அவர்களின் முதல் நெடுந்தூரச் சைக்கிள் தடம் திறந்தது. நமக்கு இருக்கும் மேடை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு. அதில் காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் உட்கார்ந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட சாலைகளில் வேக வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்தவருக்கும் உரிமை உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாத ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதே திருத்தத்தின் 138(1ஏ), நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமான விதிகளை மாநிலங்கள் வகுக்க வழி செய்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்குக் கண்காணிப்புக் குழு அமைத்தது. மனுவில் இந்தப் பிரிவுகளை எழுதினால் கோப்பு நகரும் வேகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். சட்ட நுணுக்கம் எனக்குத் தொழில் அல்ல. நிலம் எடுப்பு வருகிறதென்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு உறுதி. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒதுங்கு திட்டும் உயர்த்திய கடவையும் பயன் தருவது உறுதி. எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்து விபத்து குறைந்தது என்பதை நான் நம்புவதில்லை. சைக்கிள்காரர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்குமான அபாயம் குறைகிறது என்று ஒரு கருத்து உண்டு. புள்ளிவிவரத்தில் அந்தப் போக்கு தெரிகிறது. ஆனால் ஆள் கூடியதால் பாதுகாப்பு வந்ததா, பாதுகாப்பு வந்ததால் ஆள் கூடினார்களா என்பது தீரவில்லை. அதை நம்பி முதலில் பிள்ளைகளைச் சாலையில் இறக்குங்கள், பிறகு சரியாகும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காவல் நிலையப் பதிவுகளையும் முழுசாக நம்ப வேண்டாம். சாவு பெரும்பாலும் பதிவாகிவிடும். சைக்கிளில் விழுந்து கை ஒடிந்தது பதிவாகாது. நாட்டு வைத்தியக் கட்டோடு முடிந்துவிடும். அதனால் ஒரு விலக்கில் ஐந்து ஆண்டுகளில் ஒரே சாவு என்றால் அது பாதுகாப்பான இடம் என்றும் ஆகாது, மூன்று சாவு நடந்த இடம்தான் மிக மோசம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. எண்கள் அவ்வளவு சிறியவை. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், விலக்கில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், இந்த மூவரிடமும் எந்த இடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம்.

அந்தத் தொகுதி நிதிக்குத் திரும்புகிறேன். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், தலைப்பை மாற்றித்தரக் கேளுங்கள். இரண்டு கிலோமீட்டர் பாதைக்கான தொகையில், நிலம் எடுக்க வேண்டியதில்லை என்றால், இரண்டு மூன்று விலக்குகளைத் திட்டு, விளக்கு, ஊர் நுழைவை ஓட்டுநருக்கு உணர்த்தும் அமைப்பு ஆகியவற்றோடு சீர்செய்யவும், விட்டுப்போன ஒரு மண் இணைப்பைத் தார்ச் சாலையாக்கவும் வழி இருக்கலாம். நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளரிடம் மதிப்பீடு கேட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட நீளமான பாதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த மண் இணைப்பைக் காட்டுங்கள், அதிலும் நாடா கட்டலாம். வேலை தொடங்குமுன் விலக்கில் வண்டிகளின் வேகத்தை அளந்து வையுங்கள். போக்குவரத்துக் காவலரிடம் வேகமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடும் ஒரு கைபேசிக் காணொளியும் போதும்: இரண்டாவது கோட்டை 2.6 நொடியில் தொடுகிற வண்டி 70இல் வருகிறது, 4.5 நொடி ஆனால் 40. வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள், கடப்பவர்களையும் எண்ணுங்கள். இரண்டு அளவையும் இங்கே எழுதினால், அடுத்த விலக்கில் எதை மாற்றவேண்டும் என்பதைப் பற்றிப் பேசலாம்.